மைத்துனரை அழைத்து வந்த குற்றம்: அமெரிக்க அரசியல் சட்டம் குறித்து ஓர் உரை

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் படிப்பு வட்டத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தில் நம் நாட்டு அரசியல் சட்டத்தில் உள்ள அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இளைஞர்கள் சிலர் வந்து, "அமெரிக்காவில் இதெல்லாம் எப்படி? அதையும் ஒரு நாள் சொல்லுங்கள்" என்றார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "அமெரிக்காக்காரன் சட்டம் நமக்கு எதற்கு? நாளைக்குக் குழாயில் தண்ணீர் வருமா, அதைச் சொல்லுங்கப்பா" என்றார். இருவருக்கும் சேர்த்தே இன்று பேச வந்திருக்கிறோம். தண்ணீரைப் பற்றி நாங்கள் உறுதி கூற முடியாது. ஆனால், இங்கே நம் ஒவ்வொருவரையும் வாழ்நாளெல்லாம் துரத்தும் கேள்வி ஒன்று இருக்கிறதே, "நீ எந்த வருடம் வந்தாய்?" என்று, அந்தக் கேள்வியை அமெரிக்காவிலும் கேட்டிருக்கிறார்கள். கேட்கக் கூடாது என்று அங்கே சொன்னவர்களும் உண்டு. அந்தக் கதையின் வழியாகவே அந்த நாட்டின் அரசியல் சட்டத்தைப் பார்க்கலாம்.

கலிபோர்னியா மாநிலத்தில் மேரிஸ்வில் என்றொரு சிறிய ஊர். அங்கே எட்வர்ட்ஸ் என்றொருவர் இருந்தார். 1939 டிசம்பரில் அவர் தம் மோட்டார் காரை எடுத்துக்கொண்டு டெக்ஸாஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பர் என்ற ஊருக்குப் போனார். எதற்கு? மனைவியின் தம்பியோ அண்ணனோ, ஆக மைத்துனரை, தம் வீட்டுக்கு அழைத்துவர. மைத்துனருக்கு வேலை இல்லை. கடைசியாகச் செய்தது, வேலையற்றோருக்காக மத்திய அரசு நடத்திய நிவாரண வேலை. 1940 ஜனவரி முதல் தேதி இருவரும் புறப்பட்டார்கள். ஐந்தாம் தேதி மேரிஸ்வில் வந்து சேர்ந்தார்கள். புறப்படும்போது மைத்துனர் கையில் சுமார் 20 டாலர் இருந்தது. வந்து சேரும்போது ஒரு காசும் இல்லை. பத்து நாள் அக்காள், தங்கை வீட்டில் இருப்பதுபோல் அங்கே இருந்தார். பிறகு மத்திய அரசின் விவசாய உதவி நிறுவனத்திலிருந்து அவருக்குக் கொஞ்சம் உதவி கிடைத்தது. அவ்வளவுதான் நடந்தது.

இதற்காக எட்வர்ட்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் குற்றவாளி குற்றவாளிதான். என்ன குற்றம்? கலிபோர்னியா நலத்துறைச் சட்டத்தின் 2615-ஆம் பிரிவு இப்படிச் சொல்லிற்று: மாநிலத்தில் குடியிராத ஏழை ஒருவரை, ஏழை என்று தெரிந்தே மாநிலத்துக்குள் அழைத்து வருபவர் குற்றவாளி. அதாவது மச்சினனைக் கூட்டிவந்தது குற்றமில்லை. பணமில்லாத மச்சினனைக் கூட்டிவந்ததுதான் குற்றம்!

இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில், ஊரிலிருந்து வந்தபோது ரயிலடியில் யாராவது ஓர் உறவுக்காரர் வந்து அழைத்துப் போகாமல் தாமாகவே வந்தவர் எத்தனை பேர்? மாமா அழைத்து வந்தார், சித்தப்பா அழைத்து வந்தார், பக்கத்து வீட்டுக்காரர் அழைத்து வந்தார். அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தால் நம் மாமன்மார் அத்தனை பேரும் ஜெயிலுக்குப் போயிருப்பார்கள்.

கலிபோர்னியாவுக்கு ஏன் இப்படி ஒரு சட்டம்? 1930-களில் ஓக்லஹோமா, டெக்ஸாஸ், ஆர்க்கன்சா பக்கங்களில் மழை பொய்த்தது, நிலம் புழுதியாய்ப் பறந்தது, பருத்தி விலை விழுந்தது, குத்தகைக்காரர்களை நிலத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் பழைய கார்களில் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு மேற்கே வந்தார்கள். பழம் பறிக்க, பருத்தி எடுக்க அவர்கள் வேண்டும். வேலை முடிந்த பிறகு அங்கேயே இருந்துவிடக் கூடாது. எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அவர்களுக்கு ஒரே பட்டப்பெயர், 'ஓக்கி'. இந்த ஊரில் தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடக்காரன் எல்லாரும் 'மதராஸி' ஆனதுபோல. 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தலைவர் 136 போலீஸ்காரர்களை மாநில எல்லைகளுக்கே அனுப்பினார். நகரப் போலீஸ், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி! கையில் காசு இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அது சில வாரங்களில் நின்றுவிட்டது. சட்டப்பிரிவு மட்டும் அப்படியே இருந்தது.

இங்கேதான் அமெரிக்க அரசியல் சட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அது நம்முடையதைப்போல் பெரிய புத்தகம் அன்று. 1787-இல் பிலடெல்பியா நகரில் எழுதினார்கள். மொத்தம் ஏழே பகுதிகள். அதன் பிறகு இன்றுவரை 27 திருத்தங்கள். சட்டம் இயற்ற காங்கிரஸ். அதில் இரண்டு சபை. கீழ்ச்சபையில் 435 பேர், மக்கள்தொகைக் கணக்குப்படி. செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். நாலு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்களுள்ள கலிபோர்னியாவுக்கும் இரண்டு, ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. சட்டத்தை நடைமுறைப்படுத்த ஜனாதிபதி. வழக்குத் தீர்க்க நீதிமன்றங்கள்; மத்திய நீதிபதிகளுக்கு ஆயுட்காலப் பதவி. இவற்றையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். நமக்கு முக்கியம் வேறு.

அங்கே மாநிலங்கள் முதலில் பிறந்தவை. அவை சேர்ந்துதான் ஒன்றியத்தை உண்டாக்கின. நம் நாட்டில் நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தால் மாநிலத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம். 2014-இல் தெலங்கானா பிறந்தது அப்படித்தான். அங்கே ஒரு மாநிலத்தைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டசபையே சம்மதிக்க வேண்டும். மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று 1791-இல் சேர்த்த பத்தாவது திருத்தம் கூறுகிறது. நம்மிடத்தில் மிச்சம் மத்திய அரசுக்கு. ஆகவே அங்கே போலீஸ், பள்ளிக்கூடம், கலியாணச் சட்டம், ஏழைகளுக்கு உதவி எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. கலிபோர்னியா என்ன வாதிட்டது? "ஏழைக்குச் சோறு போடுவது என் செலவு. அப்படியிருக்க யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க எனக்கு உரிமையில்லையா?" என்றது. மாநில சுயாட்சியில் பற்றுள்ள நாம் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வாதத்தில் பலம் இருக்கிறது.

அப்படியானால் ஏழைக் குடிமகன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம் என்று அரசியல் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எங்குமே இல்லை, தோழர்களே. இது பலருக்கு வியப்பாக இருக்கும். இந்தச் சட்டத்துக்கு முன்பு, 1781 முதல் நடப்பிலிருந்த ஒப்பந்தத்தில், மாநிலம் விட்டு மாநிலம் தாராளமாகப் போய்வரலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த உரிமைகள் யாருக்கு இல்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள்: பரம ஏழைகள், நாடோடிகள், நீதிக்குத் தப்பி ஓடியவர்கள். ஏழையையும் திருடனையும் ஒரே வரியில் வைத்தார்கள்! 1787-இல் புதிதாக எழுதியபோது உரிமையையும் எழுதவில்லை, விலக்கையும் எழுதவில்லை. ஒரு மாநிலக் குடிமகனுக்கு மற்ற மாநிலங்களிலும் அங்குள்ள குடிமக்களின் சலுகைகள் உண்டு என்று பொதுப்படையாக ஒரு வரி மட்டும் வைத்தார்கள். போய்வரும் உரிமையை ஏன் எழுதவில்லை? நாடு ஒன்றானால் இது தானாகவே வரும் என்று நினைத்திருப்பார்கள் என்று 1966-இல் ஒரு வழக்கில் உச்சநீதி மன்றம் காரணம் சொன்னது.

ஆனால் அதே பகுதியில் அடுத்தடுத்த வரிகளிலேயே, ஒரு மாநிலத்திலிருந்து தப்பி இன்னொன்றுக்குப் போன அடிமையை உடையவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். அடிமை என்ற சொல்லைப் போடாமல், வேலைக்குக் கட்டுப்பட்டவர் என்று மறைத்து எழுதியிருந்தார்கள். அடிமையாய் இல்லாத கறுப்பு மக்களுக்கும் கதவு திறந்திருக்கவில்லை. இந்தியானா மாநிலம் 1851-இல் தன் மாநில அரசியல் சட்டத்திலேயே கறுப்பர் யாரும் வந்து குடியேறக் கூடாது என்று போட்டுவிட்டது. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்சநீதி மன்றமே, கறுப்பர்கள் குடிமக்களே அல்லர் என்றது. பிறகு 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். அந்த ரத்தத்தில்தான் மூன்று திருத்தங்கள் வந்தன. 1868-இல் வந்த பதினான்காவது திருத்தம் நமக்கு முக்கியம். அமெரிக்காவில் பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்டவர்களும், முறைப்படி குடியுரிமை பெற்றவர்களும் நாட்டின் குடிமக்கள். அத்துடன் அவர்கள் குடியிருக்கும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர் என்று அது கூறுகிறது. அந்த 'குடியிருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாநிலம் தரும் பட்டமல்ல அது. நீ போய்க் குடியிருந்தால் நீ அந்த மாநிலத்தவன். எத்தனை வருடம் என்று அங்கே எழுதவில்லை.

எட்வர்ட்ஸ் வழக்கு உச்சநீதி மன்றத்துக்குப் போயிற்று. 1941 நவம்பர் 24-ஆம் தேதி தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ஆனால் காரணத்தில் பிளவு. நீதிபதி பைர்ன்ஸ் எழுதிய முதன்மைத் தீர்ப்பு, மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்துவது காங்கிரசின் அதிகாரம், மனிதர்கள் போய்வருவதும் வணிகத்தில் சேர்ந்ததே, ஆகவே மாநிலம் அதைத் தடுக்க முடியாது என்றது. வேலையில்லாதவனும் கையில் காசில்லாதவனும் ஒழுக்கங்கெட்டவன் என்ற பழைய எண்ணத்தையும் அது தள்ளிவைத்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனாலும் மைத்துனரை ஆப்பிள் கூடை போலவும் மாட்டு மந்தை போலவும் பார்த்தால்தான் உள்ளே விட முடிகிறது என்பது நெஞ்சை உறுத்தவில்லையா?

அந்த உறுத்தல் நான்கு நீதிபதிகளுக்கும் இருந்தது. டக்ளஸ் தனியாக எழுதினார். பிளாக், மர்பி இருவரும் அவருடன் சேர்ந்தார்கள். ஜாக்சன் தாமே வேறொரு குறிப்பு எழுதினார். இது வணிகச் சரக்கல்ல, குடியுரிமை என்றார்கள். ஒருவனிடம் சொத்து இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அவனுடைய குடியுரிமையை அளக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று ஜாக்சன் எழுதினார். கலிபோர்னியாவைக் காக்க நாளை போர் வந்தால் இந்தக் காசில்லாத மனிதனும் ஆயுதம் ஏந்தக் கடமைப்பட்டவன்தானே, கடமைக்கு மட்டும் அவன் குடிமகனா என்ற கருத்து அதில் இருக்கிறது. பதின்மூன்றே நாளில், டிசம்பர் 7-ஆம் தேதி, பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அமெரிக்காவைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். அது உண்மையாகாது. 1942-இல் அதே கலிபோர்னியாவிலிருந்தும் மேற்குக் கரையின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பச் செய்து முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1944-இல் கொரமாட்சு வழக்கில் உச்சநீதி மன்றம், அவர்களை வெளியேற்றிய உத்தரவு செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? மூன்று ஆண்டுகளுக்கு முன் மைத்துனர் வழக்கில் நடமாடுவது குடியுரிமை என்று சொன்ன அதே பிளாக். டக்ளசும் அவருடன் நின்றார். மர்பியும் ஜாக்சனும் எதிர்த்து எழுதினார்கள். 1988-இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. நாற்பத்தாறு வருடம் கழித்து.

சரி, மாநிலத்துக்குள் வந்துவிட்டோம். வந்த பிறகு? கதவைத் திறந்துவிட்டு, "உள்ளே இரு, ஆனால் ஒன்றும் கேட்காதே" என்று சொல்வதும் ஒரு தடைதானே. 1966-இல் 19 வயதுப் பெண் ஒருவர், கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை, மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த தம் தாயார் வீட்டுக்கு வந்தார். அரசு உதவிக்கு மனுப் போட்டார். நீ இங்கே ஒரு வருடம் இருக்கவில்லை என்று மறுத்துவிட்டார்கள். இது 1969-இல் ஷாபிரோ வழக்கு என்ற பெயரில் தீர்ந்தது. உதவி கிடைக்கும் என்றே ஓடிவருகிறார்கள் என்பது மாநிலங்களின் வாதம். இங்கேயும் கேட்டிருக்கிறோம் இந்த வசனத்தை! நீதிமன்றம் சொன்னது: நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று ஒரு தாய் ஊர் மாறினால் குற்றமா? உதவித் தொகையையும் யோசித்து ஒரு தாய் ஊர் மாறினால் அவள் மட்டும் எப்படித் தாழ்ந்தவள்? ஒரு வருடக் காத்திருப்பு செல்லாது. 1972-இல் வாக்குரிமைக்கும் இதையே சொன்னார்கள். டென்னசி மாநிலத்தில் வாக்களிக்க ஒரு வருடம் குடியிருந்திருக்க வேண்டும் என்றிருந்த விதி போயிற்று.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அலாஸ்கா வழக்கு. அலாஸ்காவில் எண்ணெய் எடுத்து மாநிலத்துக்குப் பணம் கொட்டிற்று. அதை மக்களுக்கே பங்கிட்டுக் கொடுப்போம் என்று 1980-இல் சட்டம் போட்டார்கள். எப்படிப் பங்கு? 1959-இல் அலாஸ்கா மாநிலம் ஆனதிலிருந்து கணக்கு. நீ இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 50 டாலர். நேற்று வந்தவனுக்கு ஒரு பங்கு, ஆரம்பத்திலிருந்து இருப்பவனுக்கு இருபதுக்கு மேல். பழையவர்களுக்கு நியாயமாகத்தான் தோன்றும். பனியில் கிடந்து மாநிலத்தை வளர்த்தவர்கள் அவர்கள்தானே! 1982-இல் உச்சநீதி மன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளிற்று. இப்படிக் குடிமக்களை வந்த வருடப்படி அடுக்க ஆரம்பித்தால், வரிக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் எல்லாவற்றுக்கும் அடுக்கிவிடலாமே, எங்கே போய் நிற்கும் என்று கேட்டது. அதன் பிறகு அங்கே எல்லாருக்கும் சம பங்கு. ஒரு முழு ஆண்டு இருந்திருந்தால் போதும். ஆக, குறைந்தபட்சம் ஒரு காலம் குடியிருக்க வேண்டும் என்பது முழுவதும் போய்விடவில்லை. விவாகரத்து வழக்குப் போட ஒரு வருடம் குடியிருக்க வேண்டும் என்ற அயோவா மாநில விதியை 1975-இல் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அரசுக் கல்லூரிகளில் வெளி மாநில மாணவருக்குக் கட்டணம் கூடுதல்தான்.

கலிபோர்னியாவும் சும்மா இருக்கவில்லை. புதிதாக வந்த குடும்பத்துக்கு முதல் வருடம் அவர்கள் பழைய மாநிலத்தில் கிடைத்திருக்கக்கூடிய குறைந்த உதவித் தொகைதான் என்று 1992-இல் சட்டம் போட்டது. 1999-இல் அதுவும் போயிற்று. அப்போதுதான் நீதிமன்றம் அந்தப் பதினான்காவது திருத்தத்தின் 'குடியிருக்கும்' என்ற சொல்லை எடுத்து நேராக வைத்துப் பேசிற்று. 1868-இல் எழுதிய சொல்லுக்கு 131 வருடம் கழித்து வேலை வந்தது.

இவையெல்லாம் குடிமக்களுக்கு. குடியுரிமை இல்லாமல் வயலிலும் ஓட்டலிலும் உழைப்பவர்களுக்கு இந்த வழக்குகள் அரணல்ல. சட்டத்தின் சமமான பாதுகாப்பு 'எந்த நபருக்கும்' உண்டு என்ற வேறொரு வரிதான் அவர்களுடைய பிடி. சான் பிரான்சிஸ்கோவில் சீனச் சலவைக்காரர்கள் 1886-இல் அந்த வரியைப் பிடித்தே வென்றார்கள். அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இனி நம் பக்கம். நம் அரசியல் சட்டத்தில் அமெரிக்கர்கள் எழுதாமல் விட்டதை எழுதியே வைத்திருக்கிறார்கள். 19-ஆம் பிரிவு: இந்தியா முழுவதும் தடையின்றி நடமாடலாம், எந்தப் பகுதியிலும் குடியிருக்கலாம். பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் மட்டும் விதிக்கலாம். குடியுரிமை ஒன்றே, மாநிலக் குடியுரிமை என்று தனியாக இல்லை. காகிதத்தில் நாம் அவர்களைவிட வசதியானவர்கள். ஆனால் 1985-இல் உச்சநீதி மன்றம் தீர்த்த பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கை நினைத்துப் பாருங்கள். மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961-இல் வந்தவர். நிலமில்லாத கூலி, வறட்சியில் வேலை போய் வந்தவர். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்கு 2,500 ரூபாய் பறிகொடுத்து மனைவி மக்களுடன் இருந்தவர். பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பிறகு, மழைக்காலம் முடியும்வரை பொறுத்து அகற்றலாம் என்றும் சொல்லிற்று. மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு. அன்று தொடங்கியது இந்த வருடக் கணக்கு. பிறகு 1-1-1995 ஆயிற்று, 1-1-2000 ஆயிற்று. நம் வீடுகளில் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் பழைய ரேஷன் கார்டும் லைட் பில்லும் எதற்காக என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தேதி குடிசைக்கு உரியது, மாநிலத்துக்கு உரியதல்ல. தேதிக்குப் பின் சத்தாராவிலிருந்தோ ரத்னகிரியிலிருந்தோ வந்த மராட்டியத் தொழிலாளியையும் இது வெளியே நிறுத்துகிறது. ஆகவே இதைத் தமிழனுக்கு எதிரானது என்று பேசுவது தவறு, பயனுமில்லை. அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அமெரிக்க வழக்கு எதையும் இங்கே நீட்ட முடியாது. அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. அமெரிக்க நீதிமன்றமும் யாருக்கும் இலவச வீடு கொடு என்று சொன்னதில்லை. கொடுப்பதானால் வந்த வருடப்படி குடிமக்களைத் தரம் பிரிக்காதே என்றுதான் சொன்னது. தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூராருக்கே என்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதி மன்றம் செல்லாது என்றபோது, கிட்டத்தட்ட அதே பேச்சு நம் நாட்டிலும் கேட்டது. அந்த வழக்கு உச்சநீதி மன்றம் போனது.

அடுத்த கூட்டத்தில் தேதிச் சான்றுகளைப் பற்றி வக்கீல் ஒருவர் வந்து பேச இசைந்திருக்கிறார். பழைய காகிதங்கள் எதையும், கிழிந்திருந்தாலும், எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள். அசலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நகல் எடுக்க இங்கேயே ஏற்பாடு செய்கிறோம். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.